பெயரில்லாத மாத்திரை

மாதவிலக்கு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று எவ்வளவோ கிடக்க, இதுதான் முக்கியமா?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். முக்கியம்தான்.

எங்கள் சேரியிலிருந்து மில்லுக்குப் போனவர்கள் பலர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒரு மாத்திரை தருவார். அட்டை இருக்காது, பெயர் இருக்காது. விழுங்கிவிட்டு மிஷினுக்குத் திரும்ப வேண்டும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசி இதை வெளியே கொண்டுவந்தது. அப்போதுதான் இது எங்கள் கதை மட்டும் அல்ல என்று தெரிந்தது.

வலி ஏன் வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கருப்பை தசையாலான பை. விலக்கு நேரத்தில் அதன் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து தசையை இறுக்கிப் பிழிகிறது. வாந்தியும் பேதியும்கூட அதனால்தான். மெஃபனமிக் அமிலம், இபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைப்பவை. ஆகவே வலி முற்றும்வரை பல்லைக் கடிக்காமல், தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நாள் தள்ளிப்போனவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. பெயரே தெரியாத மாத்திரையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் எதைக் கேட்பது? அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடமும் நன்றாகக் கேட்கும். வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிற வலி, விலக்கு இல்லாத நாளிலும் வருகிற வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும்.

பிரசவத்திலும் சுருங்குவது அதே கருப்பைதான். கூடவே அதன் வாய் விரிய வேண்டும், குழந்தை இறங்க வேண்டும். அங்கே எங்களுக்குக் கிடைத்தது வசவு. கத்தினால் தொடையில் அடி. "நாத்து நட்ட உடம்புதானே, தாங்கும்." நாற்று நட்டவளுக்கு நரம்பு மரத்துப்போய்விடுமா என்ன? இந்தத் 'தாங்கும்' என்ற சொல்லுக்குள் சாதி இருக்கிறது.

பிரசவத்தில் அவள் விரும்பும் ஒருவர் கூட இருக்கலாம், எழுந்து நடக்கலாம், கேட்டால் வலிநிவாரணம் தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். ஒன்றிய அரசின் 2017 லக்ஷ்யா திட்டமும் பிரசவ அறையில் துணையை ஏற்கிறது. இப்போது எங்கள் தெருவில் யாருக்கு வலி கண்டாலும் அத்தையோ அக்காவோ கூடவே போகிறார்கள். வெளியே நில் என்றால், "எந்த ஆர்டர்ல இருக்கு, காட்டுங்க" என்று கேட்டுவிட்டுக் கட்டிலருகிலேயே நிற்கிறார்கள்.