சட்டிச் சோறு

எவர்சில்வரும் நான்ஸ்டிக்கும் பரணுக்கு அனுப்பிவைத்த இரும்புச் சட்டி, ‘பாரம்பரியம்’ என்ற அட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கடைகளின் முன்வரிசைக்குத் திரும்பியிருக்கிறது. எனக்கு மகிழ்ச்சிதான். என் சமையலறையில் வார்ப்பிரும்பில் தோசைக்கல், குழிப்பணியாரக் கல், இரண்டு காது வைத்த ஆழமான சட்டி என்று மூன்று இருக்கின்றன. கூடவே வரும் பேச்சுதான் தொண்டையில் இறங்க மறுக்கிறது. ‘அந்தக் காலத்துப் பெண்கள் இரும்பில் சமைத்தார்கள், ரத்தசோகை என்றால் என்னவென்றே தெரியாமல் திடமாக இருந்தார்கள்.’

என் அம்மா அந்தக் காலத்துப் பெண்தான். ஆயுள் முழுக்க இரும்பில் சமைத்தவள். நான்கு பிள்ளை பெற்றவள். மாடிப்படி ஏறினால் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கீழிமையை இழுத்துப் பார்த்த டாக்டர், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மாத்திரை எழுதிவிட்டார்.

சட்டியிலிருந்து சாப்பாட்டில் இரும்பு இறங்குகிறது என்பது பொய்யில்லை. புளியோ தக்காளியோ சேர்ந்து தண்ணீராக நெடுநேரம் கொதிக்கும் குழம்பில் அதிகமாக இறங்கும். சுட்டெடுக்கும் தோசையில் அவ்வளவு இறங்காது. எண்ணெய் ஏறிப் பழகிய சட்டியில் இன்னும் குறைவு. இறங்கியதை உடம்பும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும் துணை நிற்கும், சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ குறுக்கே நிற்கும். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் மாணவிகள் குறித்துக்கொள்கிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு படி இருக்கிறது. குழம்பு அவள் தட்டுக்கு வர வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. அதே வயதில் இந்திய ஆண்களுக்கு 25. மாதவிடாயும் பிரசவமும் காரணம், சரி. அதை ஈடுகட்டத்தானே அவளுக்குக் கூடுதலாக வைக்க வேண்டும்? கூடுதல் எங்கே போனது?

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். ஆட்டு ஈரலும், கிடைத்தால் சுவரொட்டியும் வரும். அம்மா சட்டியை அடுப்பில் வைத்து, லேசாகப் புகை கிளம்பும்வரை பொறுத்திருப்பாள். தகட்டை அடித்துச் செய்த சட்டி சட்டென்று சுட்டு சட்டென்று ஆறிவிடும். வார்ப்பிரும்பு சுடுவதற்கு நேரம் எடுக்கும். சுட்டபின் லேசில் ஆறாது. அந்தச் சூட்டில்தான் நல்லெண்ணெயும் சோம்பும் கறிவேப்பிலையும், பிறகு கைநிறையச் சின்ன வெங்காயமும். ஈரல் விடும் தண்ணீர் வற்றும்வரை கிளறமாட்டாள். உப்பு கடைசியில், முன்னாலேயே போட்டால் ஈரல் ரப்பராகிவிடும். இடித்த மிளகும் சீரகமும் தூவி அடுப்பை அணைத்த பிறகும் சட்டி தன் சூட்டிலேயே ஐந்து நிமிடம் வறுத்துக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்கு, அண்ணன்களுக்கு, ‘வளர்ற பிள்ளை’ என்று எனக்கும் தங்கைக்கும். சுவரொட்டி ரத்தம் ஊறுவதற்கு என்று ஊரே சொல்லும். எங்கள் வீட்டில் அது அண்ணனின் பரீட்சைக்குப் போனது. எல்லோரும் கை கழுவிய பிறகு அம்மா சட்டிக்குள் சோற்றைப் போட்டு, அடியில் பிடித்திருக்கும் கருகலையும் மசாலாவையும் சுரண்டிப் பிரட்டி, அதிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள்.

சட்டிச் சோறு. அதைவிட ருசியான ஒன்றை நான் தின்றதில்லை. பக்கத்தில் போய் நின்றால் ஓர் உருண்டை கிடைக்கும். அம்மாவின் முகத்தில் அப்போது உண்மையான சந்தோஷம் இருந்தது. அது நடிப்பென்று சொல்ல எந்தக் கோட்பாட்டைப் படித்த பிறகும் எனக்கு மனம் வரவில்லை. அந்த உருண்டைக்குள் ஈரல் துண்டு இருந்ததில்லை என்பதும் உண்மை.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை வருடாவருடம் நடத்துகிறேன். தயிர் பிசைந்த விரல்களோடும் தாளிப்புப் புகை பட்ட கண்களோடும் ஒருத்தி புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழாரின் கவிதை அழகானது. உரைகளும் அந்த மலர்ச்சியில் போய் நின்றுவிடும். போன வருடம் ஒரு மாணவி எழுந்து, “அவ சாப்பிட்டாளா மேம்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பாடலில் அதற்குப் பதில் கிடையாது.

இன்னொரு சொல் என்னைத் தொந்தரவு செய்கிறது: பழக்குதல். புதுக் கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தை வெட்டித் தேய்த்துப் பழக்குகிறோம். முதல் பத்து தோசை பிய்ந்துவந்தால் ‘கல்லு புதுசு’ என்று பொறுத்துப்போகிறோம். பெண்ணையும் பழக்கித்தான் அனுப்பச் சொல்கிறார்கள். அவளுடைய முதல் தோசை பிய்ந்தால் பேச்சு அவளோடு நிற்பதில்லை, அவள் அம்மாவரைக்கும் போகிறது.

பழகியபிறகும் வார்ப்பிரும்பு நம்மை விடாது. கழுவியதும் துடைக்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும், இரவில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்க முடியாது. பாரம்பரியம் திரும்பியது என்று கொண்டாடுகிறவர்கள் அதை ஒருநாள் ஒரு கையால் தூக்கிக் கழுவிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலை என் கணவருடையது. எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே பூசுகிறார்.

நான் பரிமாறுவதற்கு முன்பே என் பங்கை எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து வரும்போது அம்மாவுக்கும் அப்படியே. முதல் பந்தியில் உட்காரவைத்து, சுவரொட்டியை அவள் தட்டில் வைத்து, எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். நான் தண்ணீர் எடுக்க எழுந்தால் போதும், அது பேரன் தட்டுக்குப் போய்விடுகிறது. கேட்டால், “எனக்கு அந்தச் சட்டியைக் கொடு, போதும்” என்கிறாள்.