மூன்றாம் வாயில்

நூல் ஒன்று நிலையத்தில் இருத்தல் வேறு. அது கற்பார்க்கு எட்டுதல் வேறு. எம்முடன் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நண்பர் ஒருவர் கண்பார்வை இல்லாதவர், விரலாற் கற்பவர். அவருக்கு வேண்டிய உரைநூல்களுட் பல பிரெய்லி எழுத்திற் கிடைப்பதில்லை. ஆகவே யாம் பாடங்களைத் தட்டச்சிட்டுக் கொடுக்க, ஒரு சிறு மின்பலகை அவற்றைப் புள்ளியெழுத்தாக மாற்றி அவர் விரலுக்கு அளித்து வருகின்றது. அப்பலகையில் மேலும் ஒரு வாயில் திறந்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் மாணாக்கர்க்கு இதனுள் யாது தொழில் என வினவுவார் சிறிது பொறுத்தருள்க.

பலகையின் பெயர் பீகிள்போன் பிளாக். அதனை இயக்குவது கியூ.என்.எக்ஸ் என்னும் இயங்குதளம். அமைத்தவர் பௌதிக வகுப்பு நண்பர். தமிழெழுத்தைப் பாரதி பிரெய்லியாக மாற்றும் அட்டவணை எம்முடையது. மெய்யின் தலைமேல் யாம் இடும் புள்ளி அம்முறையில் மெய்க்கு முன்னரே வந்து நிற்கும். 'ழ்' என்பதைப் படிக்கும் விரல் புள்ளியை முதலிலும் ழகரத்தைப் பின்னரும் அறிகின்றது. இத்தகைய செய்திகளை எண்ணி எழுதுதற்கு இலக்கணப் பயிற்சி சிறிது துணையாயிற்று.

பலகையில் இரண்டு தொடர்வாயில்கள், அதாவது சீரியல் போர்ட்டுகள், முன்னரே பணியில் இருந்தன. ஒன்று பலகைக்கு யாம் கட்டளையிடும் வாயில். மற்றொன்று நாற்பது கட்டங்களில் ஊசிமுனைகள் எழுந்து தாழும் வாசிப்புக் கருவிக்கு உரியது. அக்கருவியில் ஒரு வரி வந்தால் முன்வரி மறையும். தேர்வு நெருங்கவே, திரும்பத் திரும்பத் தடவிப் படிக்கத் தாள் வேண்டும் என்றார் நண்பர். பழைய மாணவர் ஒருவர் அளித்த பிரெய்லி அச்சுப்பொறி இருந்தது. அதுவும் தொடர்வாயில் வழியன்றிப் பேசாது. ஆகவே மூன்றாம் வாயில் வேண்டியதாயிற்று. ஆனால் மாலைதோறும் அவர் படிக்கும் நேரமே எமக்கும் ஓய்வு நேரம். "நீங்கள் வேலை செய்யும்போது என் படிப்பு நின்றுவிடுமோ?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே.

தொடர்வாயில் என்பது ஒற்றைக் கம்பியில் நுண்குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. எட்டுக் குறிகள் கொண்ட ஒரு பைட்டுக்குத் தொடக்கக்குறி ஒன்றும் முடிவுக்குறி ஒன்றும் சேர்ந்து பத்தாம். விநாடிக்கு 9,600 குறிகள் செல்லுமாயின் 960 பைட்டுகள் சேரும். இதனைச் செய்யும் யூவார்ட் என்னும் உறுப்பை 1960களில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் வகுத்தவர் கார்டன் பெல். கியூ.என்.எக்ஸைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணாக்கராயிருந்து 1980இல் தொடங்கிய இருவர் டான் டாட்ஜும் கார்டன் பெல்லும் ஆவர். இக்கார்டன் பெல் வேறு. அக்கார்டன் பெல் வேறு. புலவர் வரலாற்றில் ஒரு பெயர் பலர்க்கு வழங்குவது கண்டு பழகிய எமக்கு இது வியப்பன்று.

நிற்க. கியூ.என்.எக்ஸ் நுண்கருனி வகையைச் சார்ந்தது. பெருங்கருனி வகையில், கருவிகளை நடத்தும் இயக்கிநிரல்கள் பெரும்பாலும் கருனிக்குள்ளேயே வாழும். அவற்றுள் ஒன்று இடறினால் முழுத்தளமும் நின்றுவிடக் கூடும். நுண்கருனியோ, பணிகளுக்கு முறைவைத்தல், செய்தி கடத்தல், குறுக்கீட்டை அறிவித்தல் முதலிய சிலவற்றையே தன்பால் வைத்துக்கொள்ளும். இயக்கிகள் வெளியே தனித்தனி நிரல்களாக ஓடும். வாயிலுக்கு ஒரு காவலன். ஒருவன் வீழ்ந்தாலும் ஏனையோர் நிற்பர்.

பலகையிலுள்ள ஏ.எம்.3358 சில்லில் யூவார்ட்டுகள் ஆறு உள. யாம் கொண்டது நான்காம் எண்ணுடையது. அதன் குறுக்கீட்டு எண் 45. ஒன்பதாம் ஊசிவரிசையில் 11ஆம் ஊசி ஏற்பது. 13ஆம் ஊசி விடுப்பது. ஓர் ஊசிக்குப் பல தொழில்கள் உளவாதலின், இவ்விரண்டிற்கும் ஆறாம் முறைமையைக் குறித்தல் வேண்டும். அக்குறிப்பை எழுதும் உரிமை சாதாரண நிரல்களுக்கு இல்லை. ஆகவே தொடக்க நிரலில் அதனைச் சேர்த்து, நண்பர் வகுப்பிலிருந்த காலை வேளையில் பலகையை ஒருமுறை மீளத் தொடங்கினோம். அச்சுப்பொறியின் மின்னழுத்தம் நேர்முகமும் எதிர்முகமுமாக 3 முதல் 15 வோல்ட்டு வரை செல்வது. பலகையின் ஊசிகளோ 3.3 வோல்ட்டுக்கு உரியன. நேரே இணைப்பின் பலகை கெடும். இரண்டிற்கும் இடையே மாக்ஸ் 3232 என்னும் மாற்றுச்சில்லை வைத்தோம்.

எஞ்சியது துடிப்பு. மின்செலவு குறைதற்பொருட்டு, வேண்டாத யூவார்ட்டுகளின் துடிப்பு இச்சில்லில் மூடியிருக்கும். மூடியிருக்கையில் அதன் பதிவேட்டைத் தொட்டால் பிழை எழும். அன்று மாலை, வாசிப்புக் கருவியில் விரல் வைத்து நண்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் கேள்விக்குச் சொல்லால் விடையிறுப்பதினும் செயலால் விடையிறுத்தல் நன்று எனக் கருதிய பௌதிக நண்பர், அவரது இசைவு பெற்று, துடிப்பைத் திறவாமலே மூன்றாம் இயக்கியை ஏவினார். அது அக்கணமே மடிந்தது. யாம் மூச்சடக்கி நோக்கினோம். நண்பரின் விரல் வரியின் இறுதியை அடைந்தது. அடுத்த வரி எழுந்தது. "எப்பொழுது ஏவுவீர்கள்?" என்றார் அவர். "ஏவியாயிற்று, அது வீழ்ந்தும் ஆயிற்று" என்றோம்.

பின்னர்த் துடிப்பைத் திறந்து இயக்கியை மீண்டும் ஏவ, அது நிலைத்தது. அதன் வேகம் 4,80,00,000 துடிப்பை 16ஆலும் 312ஆலும் வகுக்க வரும் 9,615. வேண்டிய 9,600க்கு இவ்வேறுபாடு பொறுக்கத்தக்கதே. விடுக்கும் ஊசியையும் ஏற்கும் ஊசியையும் ஒரு கம்பியால் இணைத்துத் 'தமிழ்' என்று அனுப்பினோம். யூ.டி.எஃப்-8 முறையில் அச்சொல் 15 பைட்டுகள். பதினைந்தும் பழுதின்றித் திரும்பின. அச்சுப்பொறி மெல்லத் தாளிற் குத்துவதாகலின், அது 19 என்னும் குறி விடுத்தால் நிறுத்தவும், 17 விடுத்தால் தொடரவும் ஏற்பாடு செய்தோம். இல்லையேல் எழுத்துக்கள் இடையே விழுந்துபோம்.

முதற்றாள் வெளிவந்ததும் நண்பர் அதனைத் தடவி, கீழ்வரிவரை சென்று, மீண்டும் மேல்வரிக்கு ஏறினார். கண்ணுடையோர் ஒரு பக்கத்தில் நாள்தோறும் பன்முறை செய்வதும், ஒருபொழுதும் எண்ணிப் பாராததும் இதுவே.

ஒருவர் கற்றுக்கொண்டிருக்கும்போதே, அவர் கல்வி தடைபடாமல், மற்றொரு வழியையும் அவருக்குத் திறத்தல் கூடும் என்பதை யாம் கண்டோம். பௌதிகம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒரு மேசையில் அமர்ந்தாலன்றி இது முற்றுப்பெற்றிராது. இதனைப் படிக்கும் மாணவ நண்பர்காள், தட்டச்சிடப்பட வேண்டிய உரைநூல்கள் இன்னும் பல உள. மாலையில் ஒரு நாழிகை அளிக்கவல்லார் வருக.