பெட்டியைத் திறக்க வேண்டாம்

தகப்பனார் விட்டுப்போன எம்.ஜி.ஏ. காரை விற்றுவிடப் போவதாக றக்வான நண்பர் தொலைபேசியில் சொன்னபோது அவரது குரல் கம்மியிருந்தது. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்ட இரட்டை இருக்கை வண்டிகளுள் ஒன்று அது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து, தோட்டக் கிளாக்கராக இருந்த அந்தத் தகப்பனார் வாங்கியது.

முதல் கியரும் ரிவேர்ஸும் கறகறவென்று அரைத்துக்கொண்டே விழுந்தன. கொழும்புக் கராஜ் ஒன்றில், கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். இவ்வகைக் காரில் கிளச்சைக் கண்ணால் பார்ப்பதற்கே எஞ்சினை இறக்க வேண்டும். உதிரிப்பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். 2022இல் ரூபாய் சரிந்தபின் அந்த விலை ஓய்வூதியக்காரருக்கு எட்டாதது.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் முதியவர் ஒருவர் குந்தியிருந்தார். துரை காலத்தில் தோட்டத்துக் கராஜில் இந்தக் காரைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்றார் நண்பர். ஆனால் செக்ரோலில் அவர் கடைசிவரை கூலியாள். மெக்கானிக் என்று எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. சேமலாப நிதியும் கூலியாளின் கணக்கிலேயே வந்ததாம். இதைச் சொன்னது நண்பர்; அவர் அல்ல.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். நான்கும், ரிவேர்ஸும், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை மிதித்து மூன்று எண்ணியபின் ரிவேர்ஸ். கறகற. "பெட்டியத் தொறக்காதீங்க தம்பி, கிளச்சு விடல" என்றார். இந்தக் காரில் முதல் கியருக்கும் ரிவேர்ஸுக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. கிளச் முழுதாக விலகாமல் உள்ளே பற்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த இரண்டும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மிதியை மூன்று நான்கு தடவை அடித்து மிதிக்கச் சொன்னார். குழாயில் காற்று புகுந்திருந்தால் அப்போது சத்தம் குறைந்திருக்கும். குறையவில்லை. மிதித்தபடியே ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் கசிந்தால் கிளச் மெல்ல மெல்லப் பிடித்து வண்டி ஊரத் தொடங்கும். அதுவும் இல்லை. திரவத்தை விரலில் தொட்டு முகர்ந்தும் பார்த்தார். இறக்குமதி நெருக்கடியான எழுபதுகளில் எஞ்சின் ஒயிலை ஊற்றி றப்பரெல்லாம் ஊதிப்போன வண்டிகளைப் பார்த்திருக்கிறாராம். "பிரேக் ஒயில்" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒயிலே அல்ல. அந்தப் பெயர் எத்தனை வண்டிகளைக் கெடுத்ததோ!

பிறகு ஓர் அடிமட்டத்தோடு காருக்கடியில் நுழைந்தார். நான் மிதித்தேன். அரை அங்குலம் நகர வேண்டிய தள்ளுகோல் கால் அங்குலந்தான் நகர்ந்தது. எழுந்து வந்து கிளச் மிதியின் மேல்முனையைக் கையால் ஆட்டினார். மாஸ்டர் சிலிண்டரோடு மிதியை இணைக்கும் ஊசி தேய்ந்து நடுவில் இடுப்புச் சிறுத்திருந்தது. அது நுழையும் துளையும் முட்டை வடிவமாகிவிட்டது. மிதித்த தூரத்தில் ஒரு பகுதி அந்த இடைவெளியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. கியர்பொக்ஸின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் இதுதான்.

றக்வான நகரிலேயே ஒரு லேத் பட்டறையில் புது ஊசி கடைந்து, துளையை வெல்ட் அடித்து மீண்டும் துளைத்தார்கள். ஆயிரம் ரூபாய்கூட முடியவில்லை.

தெனியாய வீதியில் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். நான்காம் கியரில் அழுத்தும்போது வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் அலறினால் கிளச் வழுக்குகிறது என்று பொருள். வழுக்கவில்லை. வளைவுகளில் கீழே மாற்றும்போது மட்டும் இரண்டாம் கியர் சற்று முனகியது. அது சின்க்ரோமெஷ் தேய்மானம், மெய்யாகவே பெட்டிக்குள் இருக்கும் குறை. அதற்காக எஞ்சினை இறக்க வேண்டாம், இரட்டைக் கிளச் போட்டு ஓட்டினால் போதும் என்றார்.

நண்பருக்கு அது கைவரவில்லை. ஓரங்கட்டிச் சாவியை அவரிடம் நீட்டினார். முதியவர் வாங்கத் தயங்கினார். துரை காலத்தில் பழுது பார்த்தபின் கராஜ் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவதோடு சரியாம். வீதியில் ஒருநாளும் ஓட்டியதில்லையாம். இறக்கத்தில் முதல் வளைவுக்கு முன் மூன்றிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, எஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டு, மறுபடி மிதித்து இரண்டில் போட்டார். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நண்பர் விற்பனையைப் பற்றி அன்று பேசவே இல்லை.