ரெசிடென்சி தோட்டத்துச் சின்ன மாளிகை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹைதராபாத் லாலாகுடாவிலிருந்து பெரியப்பா எழுதிக்கொள்வது. நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பையனைப் பற்றிப் போனில் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நம்ம ஊர்ல துலுக்க வீட்டோட இப்படி நடந்ததே இல்லையா பெரியப்பா?" என்று கேட்டாய். நடந்திருக்கிறது.

கோட்டி மகளிர் கல்லூரியாக இருந்த வளாகத்துக்குள் இருக்கிற ரெசிடென்சி மாளிகையைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். அதைக் கட்டியவர் நிஜாம் தர்பாரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக். பின்னாளில் திவானான மீர் ஆலமின் உறவுக்காரப் பெண் கைருன்னிஸாவை 1800 வாக்கில் நிக்காஹ் செய்துகொண்டார். முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணையோ யூதப் பெண்ணையோ மணக்க ஷரீஅத்தில் இடமுண்டு. பெண்ணுக்கு மரபு அந்த இடத்தைத் தரவில்லை. அதனால் கிறிஸ்தவரான கிர்க்பாட்ரிக் இஸ்லாத்தில் சேர்ந்தார். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி விசாரணையே வைத்துவிட்டார்.

பர்தாவில் இருந்த மனைவி மாளிகையின் முகப்பைப் பார்க்க முடியாதே என்று, அதே மாளிகையைச் சிறியதாக அந்தப்புரத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார் என்பார்கள். அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு மனசு இளகிவிடும். ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாது. 1805இல் சாஹிப் ஆலம், சாஹிப் பேகம் என்ற அவர்களுடைய இரண்டு குழந்தைகளையும், ஐந்து வயதுகூட நிரம்பாத பிஞ்சுகளை, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே ஞானஸ்நானம். வில்லியம், கேத்தரின் என்று புதுப் பெயர். குழந்தைகள் கப்பலேறிய அதே ஆண்டு அக்டோபரில் தகப்பன் கல்கத்தாவில் இறந்துபோனார். பெற்றவள் 1813இல் கண்மூடினாள், பிள்ளைகளை மறுபடி பார்க்காமலே.

அந்த இருவரின் அன்பில் ஒரு குறையும் இல்லை, பாப்பா. ஒருவர் தன்னை மாற்றிக்கொண்டால்தான் சேரலாம் என்றிருந்த காலம் அது. பிள்ளைகளின் பெயரையும் அதுவே கொண்டுபோயிற்று. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி நீ நீயாகவும் அவர் அவராகவும் இருந்தே மணந்துகொள்ளலாம்.

அதற்கு உங்களில் ஒருவர் இந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது தங்கியிருக்க வேண்டும். அப்புறம் நோட்டீஸ் கொடுத்து இன்னொரு முப்பது நாள். மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நான் பேசுகிறேன். மூன்று சாட்சிகள் வேண்டுமாம். முதல் கையெழுத்து என்னுடையது.

அன்புடன்,
பெரியப்பா