நெல்மணி அகலம்

ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாவது கொண்டையூசி வளைவு தாண்டும்போதுதான், வண்டிக்கு இழுவை போய்விட்டது என்பது எனக்கு உறைத்தது. அப்பா 1972-இல் வாங்கிய அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இரண்டாவது கியரிலேயே நிதானமாக ஏறும் வண்டி, அன்று முதல் கியருக்கு ஏங்கியது.

சேலத்தில் பார்த்தவர்கள் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார்கள், பிளக் மாற்றினார்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பொட்டு திருப்பி வைத்தால் வண்டி தெளியும். சில மாதங்களில் மறுபடி சோர்ந்துவிடும்.

கடைசியில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் முன்பக்க மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஆக்சிலேட்டர விடுறப்போ கேளுங்க தம்பி." வேகம் இறங்குகிற அந்த நொடியில், தகரப் பெட்டிக்குள் கொலுசை உருட்டியதுபோல ஒரு சரசரப்பு.

அந்த மூடிக்குள் ஓடுவதுதான் டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை அந்தச் செயின்தான் காத்து நிற்கிறது. அது தளர்ந்தால் வால்வுகள் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். கேம் ஷாஃப்டிலிருந்தே டிஸ்ட்ரிபியூட்டரும் சுற்றுவதால் தீப்பொறியும் பிந்தும். இத்தனை நாள் நடந்தது அப்போதுதான் விளங்கியது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பத் திருப்ப, தீப்பொறி மட்டும் நேரத்துக்கு வந்தது; வால்வுகள் பிந்தியபடியேதான் இருந்தன. நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தோம்.

சத்தத்தை மட்டும் நம்பிச் செலவு வைக்க பாய்க்கு மனம் வரவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றும்படி இலகுவாக்கினார். காகிதப் பட்டை ஒன்றை கிராங்க் புல்லியைச் சுற்றி வைத்து அளவாக வெட்டி, 36 சம பாகமாகக் கோடு போட்டு, புல்லியிலேயே ஒட்டினார். ஒரு பாகம் 10 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, "ரோட்டார விட்டுக் கண்ண எடுக்காதீங்க" என்றார். ஃபேன் பெல்ட்டைப் பிடித்துப் புல்லியை முன்னால் திருப்பி நிறுத்திவிட்டு, மெதுவாகப் பின்னால் இழுத்தார். புல்லி நகர்கிறது, ரோட்டார் அசையவில்லை. ஒரு கோடு தாண்டியது. அப்போதும் அசையவில்லை. இன்னும் கால் பாகம் போன பிறகுதான் சின்னதாக ஒரு துடிப்பு. பல்சக்கரங்களின் இயல்பான இடைவெளியைக் கழித்தாலும் இது அதிகம் என்றார். அந்தக் காகிதத் துண்டு காட்டியதுபோல எந்த மெஷினும் எனக்குக் காட்டியதில்லை.

எஞ்சின் முன்பக்க மூடியைத் திறந்தோம். பழைய செயினையும் புதிதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டார். பழையது கீழே இறங்கி நின்றது ஒரு நெல்மணி அகலத்துக்குத்தான். செயின் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. கண்ணிக்குக் கண்ணி உள்ளே இருக்கும் பின்னும் புஷ்ஷும் மயிரிழை மயிரிழையாகத் தேய்கின்றன. ஒரு கண்ணியில் கண்ணுக்கே தெரியாத தேய்மானம், அத்தனை கண்ணிகளும் சேரும்போது நெல்மணி ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தால் புதியது விறைத்து நின்றது, பழையது வாழைநார் போலத் துவண்டது.

பற்களின் நுனி வளைந்திருந்ததால் செயின் ஓடும் சக்கரங்கள் இரண்டையும் மாற்றினோம். இரண்டிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்துச் செயினை மாட்டினார்.

கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிபார்க்க அதன் அடியில் அப்பிய எண்ணெய் அழுக்கை டீசல் துணியால் துடைத்தபோது, டிஸ்ட்ரிபியூட்டரில் பாதியும் எஞ்சினில் பாதியுமாக உளியால் போட்ட சிறு கீறல் ஒன்று தெரிந்தது. அப்பா காலத்தில் தான் போட்ட அடையாளம் என்றார் பாய். எஞ்சின் தெளிவாக ஓடும் இடத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி போல்ட்டை முடுக்கியதும், டார்ச் அடித்துப் பார்த்தேன். விலகிக் கிடந்த கீறலின் இரண்டு பாதிகளும் ஒரே கோடாகச் சேர்ந்திருந்தன.