வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் ஊர்

ஆகஸ்ட் பிறந்தால் டெக்ஸாஸின் இர்விங்கில் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடிக்கு இல்லை, வீட்டுக்கு. சுவரை ஒட்டிக் கசிவுக் குழாயை வளைத்துப் போட்டு அஸ்திவாரத்து மண்ணை நனைக்கிறார்கள். மண் காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கும். படுக்கையறைக் கதவு சாத்த வராது. எனக்கு இது வேடிக்கை. பக்கத்து வீட்டில் மகளோடு தங்க வந்திருந்த விளாத்திகுளத்து அண்ணாச்சிக்கு அப்படி இல்லை. வெடிப்புக்குள் குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நுணுக்கினார். “நம்ம கரிசல்லா இது!” என்றார்.

சரிதான். டல்லாஸ் பக்கமிருந்து தெற்கே சான் அன்டோனியோ வரை நீளும் இந்தக் கருநிலமும் கோவில்பட்டிக் கரிசலும் மண்ணியலில் ஒரே குலம்: வெர்டிசால். மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும். இரண்டிலும் சுண்ணாம்பு உண்டு, இரண்டும் பருத்தியால் பேர் வாங்கியவை.

சுண்ணாம்பு என்றதும் முட்டை ஓடு ஞாபகம் வருகிறது. இங்கே காய்கறி போடும் தமிழர் வீடுகளில் முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தக்காளிக்குப் போடுவது ஒரு சடங்காகிவிட்டது. ஏற்கெனவே சுண்ணாம்பில் ஊறிக்கிடக்கிற மண்ணுக்கு இன்னும் சுண்ணாம்பு எதற்கு? இந்தக் காரமண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது; இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அது தொட்டியில்தான் இருக்கிறது. தொட்டிமண் கொஞ்சம், மோருக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு.

தரைப் பாத்திக்கு வேண்டியது மூடாக்கு, மண்ணுக்கு ஒரு போர்வை. அது நவம்பரில் தெருவோரம் மூட்டை மூட்டையாக நிற்கிறது. ஓக் சருகு, பெக்கான் சருகு, எல்லாம் கட்டிக் குப்பைவண்டிக்கு வைத்தவை. அதே வீட்டுக்காரர் மார்ச்சில் காரை எடுத்துக்கொண்டு போய், சிவப்புச் சாயம் ஏற்றிய மரச்சிராயைக் காசு கொடுத்து வாங்கிவந்து பரப்புவார். இந்தச் சமூகத்தின் பொருளாதார அறிவைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. களைக்கொல்லி அடித்த புல்வெட்டுத் தூளை மட்டும் தொடமாட்டேன். சருகு மூட்டையைக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படிப் பார்க்கப்படுவதைப் பொருட்படுத்தாத ஒரு அம்மாள் இருந்தார். ரூத் ஸ்டவுட். 1884-ல் கான்சாஸில் பிறந்தவர். துப்பறியும் கதை எழுதிய ரெக்ஸ் ஸ்டவுட்டின் அக்கா. பதினாறு வயதில், கோடரியோடு சாராயக் கடைகளை நொறுக்கித் திரிந்த கேரி நேஷனோடு சேர்ந்து தானும் ஒரு கடையை உடைத்தவர். பிறகு கனெக்டிகட்டில் தோட்டம் போட்டார். ஒவ்வொரு வசந்தத்திலும் உழவுக்கு ஆள் வரக் காத்திருப்பார். ஆள் வரமாட்டான், வந்தால் ஏர் பழுதாகும். 1944-ல் ஒருநாள் ஆஸ்பராகஸ் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு எண்ணம்: இதை யாரும் உழவில்லையே, இது பாட்டுக்கு வருகிறதே? அன்றோடு உழவு நின்றது. சாணம் இல்லை, கொத்தல் இல்லை. ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த புல்லை அடுக்கி, விலக்கி விதைத்தார். 1955-ல் புத்தகமாக எழுதினார். நிர்வாணமாகத் தோட்டவேலை பார்ப்பார் என்றும் பேர் உண்டு. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1963-ல் வேலைக்குச் சேர்ந்து, மானாவாரி விவசாயிக்கு உரச்செலவு கட்டுப்படியாகாது என்று 1969-ல் வெளியே வந்த இயற்கை விவசாயத்து நம்மாழ்வாரையும் இந்த அம்மாளையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. மூடாக்கில் இருவருக்கும் சண்டை வராது. சாணத்தில் வரும்.

ரூத் அம்மாள் முறையை இங்கே அப்படியே கடைப்பிடிக்க முடியாது. வசந்தத்தில் மண் சூடேறும் முன் மூடினால் வெண்டை முளைக்க முரண்டு பிடிக்கும். அதனால் செடி ஒரு சாண் வளர்ந்தபிறகு, தண்டை விட்டு நாலு விரல் தள்ளி, சருகைப் போடுகிறேன். காப்பித்தூள் சக்கையைத் தனியாக அப்பினால் ஓடு கட்டித் தண்ணீரை உள்ளே விடாது, சருகோடு கலக்கவேண்டும். உரத்துக்கு ரூத் அம்மாள் சொன்னதே போதும்: பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. நூற்றுக்கு ஆறு பங்கு தழைச்சத்து, காரமண்ணுக்குக் கொஞ்சம் புளிப்பும் சேர்க்கும். டெக்ஸாஸில் பருத்திக்கா பஞ்சம்? மாட்டுத்தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது.

பாத்தியில் தூவும்போது அண்ணாச்சி வேலியோரம் நின்று பார்த்தார்.

“மாட்டுக்கு வைக்கிறத மண்ணுல போடுதீகளே. இதுல பருத்திப்பால் வருமா?”

எண்ணெய் எடுத்த சக்கையில் எப்படி வரும் என்றேன். முழுக்கொட்டை விற்கிற இடம் எவ்வளவு தூரம் என்று மகளை நச்சரித்துக்கொண்டிருக்கிறார். சுக்கும் ஏலக்காயும் கருப்பட்டியும் இந்தியக் கடையில் வாங்கி வைத்தாகிவிட்டது.