பல்செட்டு ஏன் உடைகிறது?



பல்செட்டின் ஈறு நிறப் பகுதி பெரும்பாலும் அக்ரிலிக். 1930களின் பிற்பகுதியில் வந்தது. அதற்குமுன் கெட்டிப்படுத்திய ரப்பர்தான்.

அக்ரிலிக் மெல்லுவதைத் தாங்கும், தரையில் விழுவதைத் தாங்காது. வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் பிடித்துக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், கோணிவிடும்.

விழாமலும் உடையும். வயதாக ஆகத் தாடை எலும்பு தேயும், செட்டு ஆடும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோல், ஒவ்வொரு கடிக்கும் வளைந்து நிமிர்ந்து மேல்செட்டு நடுவில் விரிசல் விடும்.

என் வயதுக்காரர்கள் 'லூசாகிவிட்டது' என்று சொல்ல மாட்டோம். பிள்ளைகளுக்குச் செலவு என்று குழைந்த சோற்றோடு நிறுத்திக்கொள்வோம். அப்பா முறுக்கை ஒதுக்கினால் நீங்களே கேளுங்கள். பல் டாக்டரிடம் காட்டினால், உள்பக்கம் புது அக்ரிலிக் சேர்த்து இறுக்கமாக்க முடியும்.